ஒரே நாளில் மூன்று கடற்கரை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சுற்றுலா இணைப்பில் அந்தமானின் ஹேவ்லாக் தீவை ஒரே நாளில் பார்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். காலையில் போர்ட் பிளேரில் படகேறி எலிஃபண்ட் பீச், காலாபத்தர், ராதாநகர் என மூன்று கடற்கரைகளையும் பார்த்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம் என்று எழுதியிருந்தார்கள். திரும்பிவிடலாம்தான். நாங்களும் டிசம்பர் விடுமுறையில் அப்படித்தான் வழிகாட்டியோடு போய்த் திரும்பினோம். ராதாநகரில் சூரியன் மறைவதை மட்டும் பார்க்கவில்லை. அதைப் பார்க்கத்தானே அவ்வளவு தூரம் போவது?

தில்லியில் மத்திய அரசு வேலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தமான் ஒன்றும் எட்டாத இடமில்லை. சொந்த ஊருக்குப் போக அரசு தரும் எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகையை அந்தமானுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி பல வருடமாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. பள்ளி விடுமுறை நெருங்கினால் ஆர்.கே.புரத்தில் காய்கறி வாங்கும் இடத்தில்கூட இதே பேச்சுதான். ஆனால் எல்.டி.சி.யில் கிடைப்பது பயணக் கட்டணம் மட்டும். அங்கே போய்ச் சுற்றுவது, தங்குவது எல்லாம் கைக்காசு. ஹேவ்லாக்கில் ஒரு ராத்திரி அறை வாடகை மிச்சமாகும் என்பதால்தான் இந்த ஒருநாள் டூர் இவ்வளவு விலைபோகிறது.

இதில் நேரக் கணக்கை யாரும் சொல்வதில்லை. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. ஹேவ்லாக் இருப்பது 93 பாகையில். பாகைக்கு 4 நிமிடம் என்று வைத்தால் 40 நிமிடத்துக்கு மேல் முன்னதாகவே அங்கே சூரியன் உதித்து மறையும். டிசம்பரில் அங்கே ஐந்து மணிவாக்கில் சூரியன் போய்விடும். ராதாநகர் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. படகுத்துறை மறு பக்கம், சுமார் 12 கிலோமீட்டர். மாலைப் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் வெயில் மண்டையைப் பிளக்கும்போதே ராதாநகரை விட்டுக் கிளம்பியாக வேண்டும். எங்கள் வழிகாட்டி போர்ட் பிளேர்த் தமிழ்ப் பையன், தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். "படகு நமக்காக நிக்காதுக்கா, ஏறுங்க ஏறுங்க" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அட்டவணை போட்டது தில்லி கரோல் பாகில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் டூர்க்காரர்.

காலாபத்தர் கதை வேறு. நான் பிறந்தது தூத்துக்குடி. கடல் வற்றுவதும் ஏறுவதும் எங்களுக்குப் புதிதல்ல. அமாவாசையை ஒட்டிப் போனால் கிழக்குக் கரையில் தண்ணீர் எவ்வளவு தூரம் உள்வாங்கும் என்று டூர்க்காரருக்குத் தெரியாதா? நாங்கள் போன நேரம் கரையிலிருந்து வெகுதூரம் வரை பாறையும் செத்த பவளமும்தான். பாசி படிந்த கல்லில் என் நாத்தனார் வழுக்கி உட்கார்ந்து, முழங்கையில் பவளம் கீறி ரத்தம் வந்தது. ஓத நேரம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வருடம் முழுக்க ஒரே அட்டவணையை அச்சடித்துக் கொடுத்தால் ஒரு நாள் நீலக் கடல் கிடைக்கும், இன்னொரு நாள் சேறுதான். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எலிஃபண்ட் பீச்சைப் பற்றி நல்லதாகவே சொல்வேன். கண்ணாடி மாட்டித் தலையைத் தண்ணீருக்குள் விட்டால் மீன்கள் கைக்கெட்டும் தூரத்தில் போகின்றன. 2010இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் நிறைய வெளுத்துப்போயின. மிஞ்சியதன் மேல் நம் ஆட்கள் செருப்புக் காலோடு ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். அதைச் சொல்லித் தடுக்க வழிகாட்டிக்கு நேரம் கொடுத்தால்தானே!

வழிகாட்டி சொல்ல வேண்டிய இன்னொன்றும் விட்டுப்போனது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுத்துப் போகக்கூடாது. எங்கள் குழுவில் ஒரு சிறுவன் கைக்குட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பொறுக்கி முடிந்து வைத்திருந்தான். விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொல்லி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். பையன் அழுதான், அப்பா காவலரிடம் கத்தினார். படகில் ஏறும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ராதாநகரில் முதலை எச்சரிக்கையும் அப்படித்தான். 2010இல் அதன் அருகே ஓர் அமெரிக்கப் பெண் முதலை தாக்கி இறந்தார். அங்கே வலை கட்டிய இடத்துக்குள்தான் இறங்க வேண்டும் என்பதைப் பலகையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டோம்.

என் யோசனை இதுதான். மூன்று கடற்கரைக்கு ஆசைப்படாமல், ஒரு ராத்திரி தீவில் தங்கி ராதாநகரையும் எலிஃபண்ட் பீச்சையும் மட்டும் பார்த்தால் போதும். செலவு கூடத்தான் செய்யும். ஓட்டலில் ஒரு நாள் குறைத்துக்கொண்டால் ஈடுகட்டிவிடலாம். உங்கள் இணைப்பில் அடுத்த முறை அந்தமான் பக்கம் வரும்போது, விலைப்பட்டியலோடு அந்த வாரத்து ஓத நேரத்தையும் சூரியன் மறையும் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
தூத்துக்குடி வாசகி,
ஆர்.கே.புரம், புது தில்லி.