சுனாமி தண்டனையா?

ஆசிரியருக்கு,

டிசம்பர் 26 நெருங்கினாலே, 2004 சுனாமி பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று யாராவது கிளம்பிவிடுகிறார்கள். இம்முறை எங்கள் தெருமுனையில் ஒரு பிரசங்கியார், ஒலிபெருக்கி வைத்து! எங்கள் கடலூர் தேவனாம்பட்டினத்தில் அலை கொண்டுபோன பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் மாண்டார்களே, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்கிறார் (லூக்கா 13). மனம் திரும்பச் சொன்னது செத்தவர்களையல்ல, கேட்டுக்கொண்டிருந்தவர்களை. தீமை கடவுள் படைத்த பொருளல்ல, நன்மை குறைவுபட்ட நிலை என்றார் புனித அகுஸ்தினார். பாவமோ அவரவர் இச்சையில் கருக்கொள்கிறது (யாக்கோபு 1:15). ஆகவே, தவறு செய்தவருக்கு மறைக்கல்வி வகுப்பில் நான் சொல்வது இதுதான்: எடுத்ததைத் திருப்பிக் கொடு, பாவசங்கீர்த்தனத்துக்குப் (குருவிடம் பாவத்தை அறிக்கையிட) போ, அருள் கேள், தன் பலத்தில் யாரும் பாவத்தை ஜெயித்ததில்லை.

பிரசங்கியார் அடுத்து மைக் பிடிக்குமுன் அந்த லூக்கா 13-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசிக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்