பூம் அண்ணனுக்குக் கெடச்ச ஷீல்டு

மாப்ள,

எட்டு மாசமா ஒரு வரி எழுதலன்னு நீ வையிறதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன், தப்பு எம்மேலதான். அப்பாவுக்குக் கண்ணு ஆபரேசன், பாப்பாவுக்கு ஸ்கூல் மாத்துனதுன்னு ஓடிப்போச்சு. இப்ப எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கு? நீ இன்னும் அந்தப் பச்சைச் சட்டைய விடலையாம், தங்கச்சி போன்ல சொல்லுச்சு. அந்தச் சட்டைக்கே ஒரு வாழ்நாள் சாதனை விருது குடுக்கலாம்டா.

விருதுன்னதும் விஷயத்துக்கு வர்றேன். நம்ம பூம் அண்ணனுக்கு, நீளக் கம்புல (பூம்) மைக்கக் கட்டிப் பிடிச்சுப் பிடிச்சே அந்தப் பேரு வாங்குன மனுசனுக்கு, விருது கெடச்சிருச்சு. சீரியல்ல சிறந்த ஒலிப்பதிவுக்கு. கேட்டதும் வண்டிய ஓரமா நிப்பாட்டிட்டு கோரிப்பாளையம் சிக்னல்ல நின்னுக்கிட்டே கத்திட்டேன், பக்கத்துல ஆட்டோக்காரரு திரும்பிப் பாத்தாரு. 26 வருசம்டா. பட்டுச்சேலைக்குள்ள காலர் மைக்க ஒளிச்சு வச்சா உரசுற சத்தம் வரும், கண்ணாடி வளையல் வசனத்தத் தின்னுரும், பக்கத்து வீட்டுல மிக்ஸி போடுவாங்க, இதெல்லாம் தாண்டி ஒரு பொண்ணு மெதுவா அழுவுறத நம்ம வீட்டு ஹால் வரைக்கும் கொண்டுவந்து சேக்குற ஆளு அவரு. மைக்குக்கு ஆஸ்பத்திரி டேப்ப ஒட்டி ஒட்டி விரலே தடிச்சுப்போன மனுசன்.

இனிமேதான் வயித்தெரிச்சல். அது ஒரு சேனல்காரங்க வருசா வருசம் நடத்துற விழா, பேரு வேணாம். டெக்னீசியன் ஷீல்டு பூராத்தையும் மத்தியானம் ரெண்டு மணிக்கே குடுத்து முடிச்சுட்டாங்க, பாதிச் சேர் காலி, மேடைல லைட்டு இன்னும் கட்டிக்கிட்டே இருந்தாங்களாம். ஹீரோ ஹீரோயின் வந்தது ஆறு மணிக்கு. அண்ணே அத மனசுல வச்சுக்கல, ஞாயித்துக்கிழமை டிவில வரும்னு ஊருக்குப் போன் பண்ணிட்டாரு. உசிலம்பட்டிப் பக்கம் அவங்க ஊர்ல தெருவே வந்து உக்காந்துருச்சு, நானும் போயிருந்தேன். நாலு மணி நேரம் மாப்ள. ஆத்தா காப்பி கூடக் குடிக்காம பாத்துக்கிட்டு இருக்கு. கடைசில பேரு ஓடுறப்ப மூலைல சின்னக் கட்டத்துல போட்டோவா வரிசையாப் போச்சு, அதுல அண்ணன் மொகம் ரெண்டு செகண்டு, அதுவும் இருக்காது. ஆத்தா கண்ணாடிய எடுத்து மாட்டுறதுக்குள்ள போயிருச்சு. "எங்கடா எம்மவன்"னு கேட்டுச்சு. யாரும் வாயத் தொறக்கல. சவுண்டுக்கு விருது வாங்குனவரு அந்த மேடைல பேசுன ஒரு வார்த்தையக் கூட அவரப் பெத்தவ கேக்கல.

ராத்திரி தூக்கமே வரல. செல்ல எடுத்து இந்த விருதுங்களப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல டிவிக்காரங்களுக்கு எம்மின்னு ஒரு விருது குடுக்குறாங்கள்ல, அந்தப் பேரே ஒரு கேமராவோட பாகத்துல இருந்து வந்துருக்கு. பழைய டிவி கேமராவுக்குள்ள இமேஜ் ஆர்த்திகான்னு ஒரு ட்யூப் இருக்கும், அதச் செல்லமா இம்மின்னு கூப்புட்டிருக்காங்க, விருதுச் செலை பொம்பளை உருவத்துல இருந்ததால எம்மி ஆக்கிட்டாங்க. 47 டிசைன வேணாம்னு தள்ளிட்டு எடுத்தது லூயிஸ் மெக்மானஸுன்னு ஒரு டிவி எஞ்சினியர் வரைஞ்சது. அவரு பொண்டாட்டிய மாடலா வச்சு வரைஞ்சிருக்காரு. றெக்கை கலைக்காம், கையில தூக்கியிருக்குற அணு அறிவியலுக்காம். 1949 ஜனவரி 25ல மொத விழா, மொத்தமே ஆறு விருது, அதுல ஒண்ணு டெக்னிக்கல் வேலைக்கு! மொத நாள்லயே பந்தில எடம் போட்டு உக்கார வச்சிருக்காங்கடா.

இன்னொண்ணு படிச்சதும் உன் ஞாபகம்தான் வந்துச்சு. ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த்துன்னு ஒருத்தரு, அவரு பேர்லயே பொறியியல் எம்மில ஒரு விருது இருக்கு. 14 வயசுல ஐடாஹோவுல அவங்க காட்ட உழுதுக்கிட்டு இருக்குறப்ப, சால் சாலாப் போன மண்ணப் பாத்து படத்தையும் இதே மாதிரி வரி வரியாப் பிரிச்சு அனுப்பலாமேன்னு தோணுச்சுன்னு சொல்றாங்க. 1927 செப்டம்பர் 7ல சான் பிரான்சிஸ்கோவுல நெசமாவே ஒரு கோட்ட அனுப்பிட்டாரு, அப்ப வயசு 21. அலங்காநல்லூர்ல உங்க தாத்தா ஏர் ஓட்டுனப்ப நம்மளும் பின்னாடியே நடந்தோம், நமக்கு ஒண்ணும் தோணலையே!

எம்மிலயும் டெக்னீசியன்களுக்குத் தனி விழாதான், பெரிய விழாவுக்கு முன்னாடியே முடிச்சிர்றாங்க. பிரிட்டன்ல சினிமா, டிவிக்கு விருது குடுக்குற பாஃப்டாவும் 2000லேருந்து இந்த வேலைகளுக்குன்னே தனியா நடத்துறாங்க. தனியா வைக்கிறதுல எனக்குச் சண்டையே இல்ல மாப்ள, அன்னைக்கு அவங்கதான் மாப்பிள்ளை, அவங்களுக்குத்தான் மாலைன்னா தாராளமா வைக்கட்டும். பந்தி பரிமாறுறதுக்கு முன்னாடி வேலைக்காரங்களக் கொல்லைல உக்கார வச்சு சோறு போட்டு அனுப்புற மாதிரி பண்றதுதான் தாங்கல. நம்ம கவர்மெண்டு சின்னத்திரை விருதயே எடுத்துக்க, 2009லேருந்து 2013 வரைக்கும் உள்ளத 2022 செப்டம்பர்லதான் கலைவாணர் அரங்கத்துல குடுத்தாங்க. அதுக்குள்ள எத்தனை வீட்டுல பாக்க வேண்டிய அப்பா அம்மா இல்லாமப் போயிருப்பாங்க, சொல்லு.

அண்ணே ஒரு வார்த்தை குறை சொல்லல. ஷீல்ட சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுட்டு மறுநாளே சூட்டிங் போயிட்டாரு. எனக்குத்தான் ஆறல.

அழகர் ஆத்துல எறங்குனத நம்ம கேபிள்ல மொத தடவை லைவ் போட்டமே, நெனச்சுப் பாரு. விடியக்காலம், ஊம்ம்னு ஒரே எரைச்சல், நீ கேமராவக் கொற சொல்ற, நான் சத்தத்த ஏத்தி எறக்குற மிக்சர் மெசினக் கொற சொல்றேன். அண்ணே ஒண்ணும் பேசாம எந்திரிச்சு வயர் போன வழியே ஆத்து மணல்ல நடந்து போயி, ஜெனரேட்டர் கரண்டு வயரோட ஒட்டியே கெடந்த மைக் வயரப் பிரிச்சு அங்கிட்டு இழுத்துப் போட்டாரு. எரைச்சல் பட்டுனு நின்னுச்சு. அப்புறம் தண்ணி பீச்சுறவங்க மைக்க நனைச்சிரக் கூடாதுன்னு பாலித்தீன் கவரச் சுத்தி, மேல தன் துண்டக் கட்டி, மத்த சத்தத்த எல்லாம் எறக்கிட்டு பொம்பளைங்க குலவைய மட்டும் ஏத்தி விட்டாரே! வீட்டுல படுத்த படுக்கையாக் கெடந்த எங்க அப்பத்தா அந்தக் குலவையக் கேட்டுத்தான் கையெடுத்துக் கும்புட்டுச்சு, கண்ணு அப்பவே தெரியாது அதுக்கு. அடுத்த சித்திரைக்கு அது இல்ல.

அதான் ஒரு முடிவு பண்ணிட்டேன். அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, அண்ணன் ஊர்லயே, அவங்க வீட்டு வாசல்ல. ஒரு பந்தல், ஒரு ஸ்பீக்கரு, ஆத்தாவுக்கு மொத வரிசைல சேரு. ஷீல்ட ஆத்தா கையாலயே திரும்பக் குடுக்க வைக்கணும், அண்ணே மைக் பிடிச்சு எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசட்டும். மிக்சர் மாமா வர்றேன்னுட்டாரு. நீ வரலன்னா உங்கூடப் பேச்சே இல்ல.

வர்றப்ப உங்க வீட்டு பீரோ மேல அட்டைப்பெட்டில கெடக்குற அந்த அழகர் ஆத்துல எறங்குன வீடியோ டேப்பக் கொண்டு வந்துரு. பூஞ்சை பிடிச்சிருக்கான்னு இன்னைக்கே எடுத்துப் பாரு, பிடிச்சிருந்தா நீயாத் தொடைக்காத, அப்படியே கொண்டா. படம் போயிருந்தாலும் பரவாயில்ல, குலவை இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லு.

உன்
மாப்ள
மதுரை