1971-ல் போன பையனுக்கு ஊரில் ஒரு கல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை 26 கார்கில் நினைவு நாளையொட்டி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராமேஸ்வரத்தில் பிறந்த மேஜர் சரவணனைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1999 மே 29-ல் படாலிக் மலையில் உயிரை விட்டபோது அவருக்கு 26 வயது. உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, ஆனாலும் வீடு வந்து சேர்ந்தது, திருச்சியில் நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்தைய போர்களில் போன பையன்களை யார் நினைக்கிறார்கள்?

1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களைப் பெரும்பாலும் போர்முனைப் பக்கமே தகனம் செய்துவிட்டார்கள். கொடி போர்த்திய பெட்டி கிராமத்து வாசல் வரைக்கும் வருவதெல்லாம் கார்கிலில்தான் நம் ஜனங்கள் பரவலாகப் பார்த்தது. எங்கள் சித்தப்பா 1971 டிசம்பரில் இறந்தார், வயது 22. எங்களுக்குப் புதுவயல் பக்கம் ஒரு சின்ன கிராமம். முதலில் ஒரு தந்தி வந்தது, அப்புறம் ரொம்ப நாள் கழித்து மூடியில் வெள்ளை பெயிண்டால் பெயரும் நம்பரும் எழுதிய ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி வந்தது, அவ்வளவுதான். உள்ளே இரண்டு செட் உடுப்பு, ஷேவிங் சாமான், குன்றக்குடி முருகன் படம், அப்பத்தா பக்கத்து வீட்டுப் பிள்ளையை விட்டு எழுதிப் போட்ட இன்லாண்டு லெட்டர். அந்த லெட்டர் பிரிக்கப்படவே இல்லை. முகவரியில் ‘99 ஏபிஓ’ என்று ராணுவத் தபால் நிலைய நம்பர் மட்டும்தான் இருக்கும், பிள்ளை எந்த ஊரில் நிற்கிறான் என்பது அப்பத்தாவுக்குக் கடைசி வரை தெரியாது. செத்த திதியும் சரியாகத் தெரியாததால் கார்த்திகை அமாவாசையில்தான் இன்றைக்கும் கும்பிடுகிறோம்.

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கல்லில் பெயர் வெட்டுவது புதிதில்லை. ஊருணி வெட்டியவர், கோயில் திருப்பணி செய்தவர், சத்திரம் கட்டியவர் என்று எல்லோருக்கும் கல்வெட்டு இருக்கிறது, இருக்கவும் வேண்டும், அவர்கள் கொடுத்ததை நாம் இன்னும் அனுபவிக்கிறோம். உயிரையே கொடுத்த பையனுக்கும் அந்த வரிசையில் ஒரு இடம் கேட்கிறேன். வெள்ளைக்காரன்கூட முதல் உலகப் போர் முடிந்ததும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் கல் பதித்தான். இந்த ஊரிலிருந்து 1914-1919 போருக்குப் போனவர்கள் இத்தனை பேர், அதில் உயிர்விட்டவர்கள் இத்தனை பேர் என்று இருக்கும். எண்ணிக்கைதான், பெயர் கிடையாது. அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது, அவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இனி யாரிடம் போய்க் கேட்பது? 1971-க்கும் அந்த நிலைமை வந்துகொண்டிருக்கிறது, சித்தப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எல்லாம் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

டெல்லியில் 2019 பிப்ரவரியில் திறந்த தேசியப் போர் நினைவுச் சின்னத்தில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரைக் கருங்கல்லில் பொறித்திருக்கிறார்கள். போன வருஷம் அங்கே போன என் மகன், சித்தப்பா பெயர் இருக்கிற கல்லைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். டெல்லியில் இருக்கிற பெயர் அவர் பிறந்து வளர்ந்த ஊரில் எங்கேயும் இல்லை! அவர் படித்த ஆரம்பப் பள்ளியில் இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஒருத்தர் இருந்தார் என்பதே தெரியாது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆகஸ்ட் 15-லும் அக்டோபர் 2-லும் கிராம சபை கூடுகிறது, அதில் தீர்மானம் போட்டு, போரில் இறந்தவரின் பெயர், பிறந்த வருஷம், எந்தப் போர் என்ற விவரங்களோடு பள்ளிக்கூடத்தில் ஒரு கல் வைக்கலாம். வீட்டு ஆட்கள் இல்லாமல் போன குடும்பங்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் ஊர்க் கல்லுக்கான செலவை எங்கள் குடும்பமே ஏற்றுக்கொள்கிறது, ஊர் சார்பில் வைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட வாசகர்கள் தங்கள் ஊரில் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரை எழுதி அனுப்பும்படி பத்திரிகையில் ஒரு அறிவிப்பு போடுங்கள். 1971 போரில் வென்ற நாளான டிசம்பர் 16-க்குள் கிடைக்கிற பெயர்களை அன்றைக்கு ஒரே பக்கத்தில் வெளியிடுங்கள். சித்தப்பாவின் பெயர், படைப்பிரிவு, நம்பர், போட்டோ எல்லாவற்றையும் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கண்டனூர்