கட்டம் அழியாமல் படியெடுத்துத் தந்த அண்ணனுக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவில் மானிட்டர் பொறுப்பேற்கும் செவிலியர்களுக்கு எங்கள் மருத்துவமனை நடத்தும் தகுதித் தேர்வில் நான் தேர்ச்சி பெற்றுவிட்டேன். முடிவு நேற்று மாலை தெரிந்தது. இரவு முழுவதும் உறக்கம் வரவில்லை. மகிழ்ச்சியைக் காட்டிலும், இத்தனை பேர் நம்மைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்களே என்ற எண்ணம்தான் நெஞ்சை நிறைத்துக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பம் இந்த ஆண்டு எதைக் கடந்து வந்தது என்பது தருமபுரியிலும் காரிமங்கலத்திலும் எங்களை அறிந்த அனைவருக்கும் தெரியும். அதை மறுபடியும் எழுத எனக்கு மனமில்லை. அந்த நிலையில், தேர்வை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, "நீ படி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னவர்களுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் மருத்துவமனையைச் சேர்ந்தவர் அல்லர், உறவினரும் அல்லர். தாலுகா அலுவலகத்துக்கு வருவோர் போவோரை நம்பி ஜெராக்ஸ் கடை நடத்துபவர். தம் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அண்ணன் என்றே குறிப்பிடுகிறேன்.

இந்தத் தேர்வுக்குப் படிப்பதில் பெரும்பகுதி, இதயத்தின் மின்னலைகள் பதிந்த நீளத் தாள்களான ஈ.சி.ஜி. ஸ்ட்ரிப்புகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைப் பழக்குவதுதான். புத்தகத்தில் அச்சிட்ட படங்கள் எல்லாம் துலக்கமாக இருக்கும். உண்மையான நோயாளியின் ஸ்ட்ரிப் அப்படி இருக்காது. அதனால் எங்கள் ஈ.சி.ஜி. டெக்னீஷியன், பொறுப்பு மருத்துவரின் அனுமதியோடு, பழைய ஸ்ட்ரிப்புகள் சிலவற்றை, நோயாளியின் பெயரும் எண்ணும் இருந்த பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, எனக்குக் கொடுத்தார். அந்தத் தாள் சூட்டினால் கோடு பதியும் வகையைச் சேர்ந்தது. வெயில் பட்டால் மங்கும். ஸ்பிரிட் பட்டால் கறுக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் நெடுநாள் கிடந்தாலும் கோடு வெளிறிப்போகும். ஆகவே உடனே பிரதி எடுத்துவிட வேண்டும் என்று, இரவு டியூட்டி முடித்த கையோடு அந்தக் கடைக்குப் போனேன். பள்ளிச் சேர்க்கை நேரம். சாதிச் சான்றிதழும் மாற்றுச் சான்றிதழும் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை கூட்டம் நின்றது.

முதல் பிரதி வெளியே வந்ததும் அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னை அழைத்து, "சிஸ்டர், கோடு வந்திருக்கு, அடியில இருக்கிற கட்டம் வரலையே. கட்டம் இல்லாம இதை எதை வெச்சு அளப்பீங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. ஈ.சி.ஜி. என்றால் என்னவென்றே தமக்குத் தெரியாது என்று சொல்பவர், அதன் அடிப்படையையே கேட்டுவிட்டார். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு சிறு கட்டம் 0.04 நொடி, ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.20 நொடி. பி.ஆர். இடைவெளி (இதயத்தின் மேலறை அலை தொடங்குவதிலிருந்து கீழறை அலை தொடங்கும் வரையுள்ள நேரம்) 0.12 முதல் 0.20 நொடிக்குள், அதாவது மூன்று முதல் ஐந்து சிறு கட்டங்களுக்குள் இருக்கிறதா, கீழறையின் கூர் அலையான கியூ.ஆர்.எஸ். மூன்று கட்டங்களுக்கும் குறைவாக இருக்கிறதா என்பதையெல்லாம் அந்த வெளிர் சிவப்புக் கட்டங்களை எண்ணித்தான் சொல்ல முடியும். கறுப்பு வெள்ளைப் பிரதியில் அந்தச் சிவப்பு அப்படியே காணாமற் போயிருந்தது.

அவருக்கு அது எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்டேன். நில அளவைப் புலப்படங்களைப் படியெடுத்துப் பழகிய கண் என்றார். புலப்படத்தில் ஒரு மெல்லிய கோடு விழாமல் போனாலும், படம் சிறிது சுருங்கினாலும், வரப்புத் தகராறு தீர்வதற்குப் பதிலாகப் பெரிதாகிவிடும். அதனால் கட்டமும் எண்ணும் உள்ள தாள் எது வந்தாலும் அளவு மாறாமல்தான் கொடுப்பது என்பது அவருடைய வழக்கம்.

பிரதியைக் கறுமையாக வைத்து எடுத்துப் பார்த்தார். தாள் முழுவதும் சாம்பல் படிந்து அலைக்கோடு அதற்குள் மூழ்கிவிட்டது. அடுத்து வண்ணத்தில் எடுத்தார். கட்டம் வந்தது, ஆனால் அதிலும் அவர் நிறைவடையவில்லை. பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து மூலத்தின் மீது வைத்தார். ஐந்து பெரிய கட்டங்கள் சரியாக 25 மில்லிமீட்டர் இருந்தன. பிரதியில் வைத்தபோது சற்றுக் குறைந்தது. தாளின் ஓரம் விடுவதற்காக இயந்திரம் தானாகவே படத்தைச் சுருக்கியிருந்தது. கட்டத்தை எண்ணுவோருக்கு இதனால் பாதகமில்லை, கட்டமும் கோடும் சேர்ந்தேதான் சுருங்கும். அளவுகோலோ டிவைடரோ வைத்து அளப்போருக்கோ கணக்கு பிசகும். நூறு விழுக்காடு அளவில் நிறுத்தி, ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் அளவுகோலை வைத்துச் சரிபார்த்த பிறகே என்னிடம் தந்தார். காத்திருந்தவர்களிடம், "ஆஸ்பத்திரி வேலை, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று சொன்னதற்கு ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. அவர்களுக்கும் என் நன்றி உரியது. வண்ணப் பிரதிக்குரிய பணத்தை நீட்டியபோது கறுப்பு வெள்ளைக்கான காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாள்களை வைத்துக்கொண்டுதான் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்தூண்டல் போவதில் ஏற்படும் தடையான இதய அடைப்பில், இரண்டாம் நிலையின் இரு வகைகளும் எனக்குப் பிடிபட்டன. முதல் வகையில் பி.ஆர். இடைவெளி துடிப்புக்குத் துடிப்பு நீண்டுகொண்டே போய், பின் ஒரு துடிப்பு விடுபடும். இரண்டாம் வகையில் இடைவெளி மாறாமல் இருக்கும்போதே திடீரென்று ஒன்று விடுபடும். அது முழு அடைப்பாக மாறக்கூடியது என்பதால் உடனே மருத்துவரை அழைத்து, இதயத்தை மின்தூண்டலால் துடிக்கவைக்கும் பேஸிங் கருவியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கட்டத்தை எண்ணினால் மட்டுமே வேறுபாடு தெரியும். தேர்வில் இரண்டும் அடுத்தடுத்து வந்தன.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் (சி.சி.யு.) பொறுப்பு சிஸ்டர், தம் டியூட்டி முடிந்த பிறகும் என்னோடு நின்று, நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிபிரிலேட்டர் கருவியில், அந்த அதிர்ச்சியை இதயத் துடிப்போடு ஒத்திசைக்கும் சிங்க் பொத்தானைப் பற்றி மறுபடி மறுபடி கேள்வி கேட்டார். நாடி இருக்கும் நோயாளிக்கு வென்ட்ரிக்குலர் டாக்கிகார்டியா (கீழறையிலிருந்து எழும் மிகை வேகத் துடிப்பு) வந்து நிலைமை மோசமாகும்போது சிங்க் போட வேண்டும். நாடியே இல்லாதபோதும், கீழறை தாறுமாறாக நடுங்கும் வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷனிலும் போடக்கூடாது. ஒருமுறை ஷாக் கொடுத்தபின் பல கருவிகளில் சிங்க் தானாகவே விலகிவிடும், அடுத்த முறை மீண்டும் அழுத்த வேண்டும். இவையெல்லாம் இப்போது என் விரல்களுக்கே தெரியும். என் நாத்தனார், மாலை நேரங்களில் பாயில் படுத்து, விலா எலும்புகளை எண்ணி ஈ.சி.ஜி. மின்முனை ஒட்ட வேண்டிய நான்காம் இடைவெளியைக் கண்டுபிடிக்க எனக்கு உதவினார். டியூட்டியை மாற்றிக்கொண்ட தோழிகள், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்த பக்கத்து வீட்டு அக்கா, களி கிண்டி அனுப்பிய பெரியம்மா, அவசர மருந்துகளின் அளவுகளை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்ட 108 ஆம்புலன்ஸ் நண்பர் என எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தின் நிலை உங்களுக்குத் தெரிந்ததுதான். பென்னாகரத்திலிருந்தும் அரூருக்கு அப்பாலுள்ள சித்தேரி மலையிலிருந்தும் நெஞ்சுவலியோடு புறப்படுபவர் தருமபுரி வந்து சேர்வதற்குள் விலைமதிப்பற்ற நேரம் போய்விடுகிறது. அப்படி வந்து சேர்ந்தவர் படுக்கையில் இருக்கும்போது, மருத்துவர் வேறொரு நோயாளியிடம் இருக்கக்கூடும். இதயத் துடிப்பின் தாளம் மாறுவதை முதலில் காண்பவர் மானிட்டர் முன் நிற்கும் செவிலியர்தான். ஒட்டுப்பட்டை கழன்றாலோ நோயாளி குளிரில் நடுங்கினாலோகூட மானிட்டர் அலறும். நாளெல்லாம் அலறுவதால் அலாரம் காதுக்குப் பழகிவிடும் ஆபத்து உண்டு. எந்த அலாரத்தையும் நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், நாடியைத் தொடாமல் நிறுத்தமாட்டேன் என்று உங்கள் எல்லோர் முன்னிலையிலும் உறுதி கூறுகிறேன். திரையில் ஒழுங்கான தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாடி இல்லாமல் போகும் நிலையும் உண்டு என்று படித்திருக்கிறேன். அதனால்தான் இந்த உறுதி.

அண்ணன் எடுத்துத் தந்த பிரதிகளை ஒரு கோப்பில் அடுக்கி, ஒவ்வொன்றின் பின்பக்கமும் விடையை எழுதி வைத்திருக்கிறேன். தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ இத்தகைய தேர்வுக்குப் படிக்கும் எந்தச் செவிலியரும், எந்த மருத்துவமனையில் பணிபுரிபவரானாலும், கேட்டால் கொடுக்கிறேன். மறுபிரதி எடுப்பவர்கள் வண்ணத்தில், நூறு விழுக்காடு அளவில் எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து பெரிய கட்டங்கள் 25 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்த பிறகு வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஒரு செவிலியர், தருமபுரி