முன்னால் ஏறியவர் பெயர் விட்டுப்போயிற்று

ஆசிரியருக்கு,

பாறையேற்றத்தின் வரலாறு பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பிரிட்டனில் எழுத்தில் பதிவான முதல் பாறையேற்றம் 1798-ல், வேல்ஸில் ஸ்னோடன் மலையின் க்ளோக்வின் டியர் ஆர்தி பாறையில் நடந்தது என்பது சரி. ஆனால் ஏறியவர் வில்லியம் பிங்லி என்றும், ‘உள்ளூர்ப் பாதிரியார் ஒருவர்’ உடனிருந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதிரியார் பீட்டர் பெய்லி வில்லியம்ஸ். முன்னால் ஏறியவரே அவர்தான்.

இருவரும் அங்கே போனது மலைச்செடிகளைத் தேடி. பிங்லி அப்போது கேம்பிரிட்ஜ் மாணவர், ஊருக்கு வந்த விருந்தாளி. வில்லியம்ஸ் 1792 முதல் மலையடிவாரத்து லான்ரிக், லான்பெரிஸ் ஊர்களின் குருவானவர். ஏறும் வழியில் ஓரிடத்தில் கால் வைக்கப் பிடிப்பில்லை. தன் காலணியில் ஆணி அடித்திருப்பதால் வழுக்காது என்று வில்லியம்ஸ் முதலில் போனார். மேலே பாறையில் உடம்பை உறுதியாக இருத்திக்கொண்டு, இடுப்பு வாரைக் கழற்றி, ஒரு முனையைத் தான் பிடித்தபடி மறுமுனையைக் கீழே விட்டார். அதைப் பற்றிக்கொண்டுதான் பிங்லி ஏறி வந்தார். இதைப் பிங்லியே தன் பயண நூலில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு எடுத்தாண்டவர்கள் பலர்தான் பெயரை விட்டுவிடுகிறார்கள்.

பிரான்சுடன் போர் நடந்த காலம் அது. ஐரோப்பா போக முடியாத ஆங்கிலேயர்கள் வேல்ஸுக்கு வந்து, சில வாரம் சுற்றிவிட்டுப் புத்தகம் எழுதினார்கள். வில்லியம்ஸ் அங்கேயே வாழ்ந்தவர். கார்நார்வன் மாவட்டத்தின் வரலாற்றையும் பழஞ்சின்னங்களையும் சொல்லும் பயணக் கையேட்டை அவர் வெளியிட்டது 1821-ல். அதற்குள் அந்த ஊர்களில் ஏறத்தாழ முப்பது வருடம் ஊழியம் செய்திருந்தார். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் பாதிரியார் ரிச்சர்ட் பாக்ஸ்டரின் பக்தி நூல்களை வேல்ஸ் மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவரே. 1836-ல் காலமாகும்வரை அதே பொறுப்பில் இருந்தார். இப்படிப்பட்டவரை ‘ஒருவர்’ என்று கடந்துபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் தாவரவியல் கற்பித்தவள். உலர்செடி ஒட்டிய தாளில் சேகரித்தவர்கள் அத்தனை பேரின் பெயரும் இல்லையென்றால், செடி எவ்வளவு அரிதானாலும் மாணவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன். உங்கள் கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார். தொடர் நூலாகும்போது வில்லியம்ஸின் பெயரையும் அந்த இடுப்பு வாரையும் அவர் சேர்க்க வேண்டும். அடுத்த ஞாயிறே ஒரு திருத்தக் குறிப்பு வந்தால் இன்னும் நல்லது.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திண்டுக்கல்