பூஜ்யக் கையொப்பம்: இந்த வார வாசிப்பு

வணக்கம் நண்பர்களே. ஜாவா மொழியின் திறந்த மூல வடிவமான ஓப்பன்ஜேடிகே-யின் பாதுகாப்பு மாற்றங்களை வாசித்துக் கருத்துச் சொல்பவர்கள், புதியவற்றைத் தொடும் முன் ஒரு பழைய பிழையைப் பார்த்துவிடுங்கள்.

ஜாவா 15-இல் (2020) நீள்வட்ட வளைவுக் குறியாக்கத்தின் (வளைவுகளின் கணிதத்தை வைத்துத் தகவலைப் பாதுகாக்கும் முறை) சி++ நிரலை ஜாவாவிலேயே திரும்ப எழுதினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் மின்னணுக் கையொப்ப முறையான ஈசிடிஎஸ்ஏ-யில், கையொப்பமாக வரும் ஆர், எஸ் என்ற இரண்டு எண்களும் 1-க்குக் குறையாமல் இருக்கின்றனவா என்ற சோதனை விட்டுப்போயிற்று. சரிபார்ப்பின் முதல் படியே அதுதான்! இரண்டையும் பூஜ்யமாக அனுப்பினால், எந்தச் செய்தியானாலும், யாருடைய சாவியானாலும், கையொப்பம் செல்லும் என்றது ஜாவா. திருத்தம் வந்தது 2022 ஏப்ரலில். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இவ்வகைப் பிழை புதிய வரிகளை மட்டும் படித்தால் கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே இல்லாததுதான் பிழை. அதனால் பழைய கோப்பையும் பக்கத்தில் திறந்து வையுங்கள். அதிலிருந்த ஒவ்வொரு 'இஃப்' நிபந்தனையும் புதியதில் எங்கே போயிற்று என்று தேடுங்கள். அப்புறம், சரியான கையொப்பத்தை ஏற்கும் சோதனை மட்டும் இருந்தால் ஒப்புதல் தராதீர்கள். பூஜ்யம், வரம்பு மீறிய எண் எல்லாம் நிராகரிக்கப்படுகின்றனவா என்றும் கேளுங்கள். குறியாக்க நிரல்களைச் சோதிக்க கூகுள் தொடங்கிய வைச்சிப்ரூஃப் தொகுப்பில் இப்படிப்பட்ட சோதனைகள் தயாராகவே இருக்கின்றன.

ஞாயிறு மாலைக்குள் உங்கள் குறிப்புகளை இங்கே போடுங்கள். சந்தேகம் சின்னதாக இருந்தாலும் எழுதுங்கள்.