ஆறு படி அரிசி

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ராத்திரி பேசும்போது, "எல்லாம் இருக்கும்மா, ஆனா எதுவும் பத்தலை. எதுக்கு ஓடுறேன்னே தெரியலை" என்றாய். ஒரே மூச்சில் சொன்னாலும் அது இரண்டு கவலை. நீ இரண்டையும் போட்டுக் குழப்பி, இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறாய். தீராது.

பத்தாக்குறையைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். இட்லிக் கடைக்காரிக்குத் தினமும் அதுதானே கணக்கு. நீ கல்லூரியில் படித்தபோது தினம் எட்டுப் படி அரிசி ஊறப்போட்டேன். உன் ஃபீஸ், சீட்டுப் பணம், வாடகை எல்லாம் கழுத்தை நெரித்தன. அப்போது யாராவது வந்து "போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து" என்று சொல்லியிருந்தால் கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன். இல்லாத வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. நீ வேலைக்குப் போய்க் கடன் அடைந்த பிறகுதான் ஆறு படிக்கு இறக்கினேன். அப்பாவுக்கே கோபம். கூட்டம் வருகிற நேரத்தில் எவளாவது குறைப்பாளா என்றது தெரு. பக்கத்துக் கடை காலியானபோது அதையும் எடு, ஆள் போடு, கல்யாண ஆர்டர் பிடி என்றார்கள்.

ஆறு படிக்கு ஒன்றரைப் படி உளுந்து. அவ்வளவுதான் என் கண் பார்வையில் ஆட்டி, பதம் பார்த்து, கையால் கரைத்து வைக்க முடியும். உளுந்து புதுசா பழசா என்பது மாவு காணுவதிலேயே தெரிந்துவிடும். சித்திரை வெயிலில் சீக்கிரம் புளிக்கும், மார்கழியில் பொங்கவே பொங்காது, அதற்குத் தக்கபடி ஆட்டுகிற நேரத்தை மாற்றணும். எட்டுப் படி போட்ட காலத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை, சில நாள் இட்லி கல்லாக இருக்கும், கூசிக்கொண்டே விற்றிருக்கிறேன். இப்போது காலை பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் மீதிப் பொழுது என்னுடையது. வருகிற காசு வாடகைக்கும் மருந்துக்கும் மொய்க்கும் சரியாக இருக்கிறது.

இந்த அளவு தானாக வந்து நிற்கவில்லை, நான் உட்கார்ந்து முடிவு செய்தது. நீயோ, காசு சேரச் சேர மனசு தானே நிறையும் என்று காத்திருக்கிறாய். சம்பளம் ஏறும்போதெல்லாம் தேவையும் கூடவே ஏறி வந்து உட்காருகிறதே, கவனித்தாயா? நீயும் மருமகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து எழுதுங்கள். வீட்டுக் கடன், பாப்பா படிப்பு, வேலை போனாலும் சமாளிக்க ஆறு மாசச் செலவு, வயசான காலத்துக்கு ஒரு தொகை. கூட்டிக் கோடு போடுங்கள். அதற்கு மேல் வந்தால் வரட்டும், அதற்காகத் தூக்கத்தைத் தொலைக்காதே.

இரண்டாவது கவலை, எதற்கு ஓடுகிறோம் என்பது. அது நன்றாகத் தெரிந்த பெரிய ஆள் ஒருவர் நம் மதுரையிலேயே இருந்தார். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி. இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்களெல்லாம் கோணிப்போனவர். பிரசவ டாக்டராக ஆசைப்பட்டார், அது நடக்கவில்லை. கண் வைத்தியம் படித்து, அந்த விரல்களை வைத்தே கத்தி பிடிக்கப் பழகினார். அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தார். முடிந்தவர்கள் பணம் கொடுப்பார்கள், முடியாதவர்களுக்கு இலவசம். மனுஷர் கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. 2006-ல் இறந்தார். தனக்கு வேண்டியதில் அவருக்குச் சீக்கிரம் நிறைந்துவிட்டது. இன்னும் எத்தனை பேர் கண்புரையோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில்தான் நிறையவே இல்லை. நம்மில் பாதிப் பேருக்கு இது தலைகீழாக இருக்கிறது.

உன் அம்மாச்சிக்கு அங்கேதான் புரை எடுத்தார்கள், நீ அப்போது சின்னப்பிள்ளை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக முறத்தை இழுத்துப்போட்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்துவிட்டாள். ஓய்வெடு என்றால், "என் வேலை எனக்குத் திரும்பி வந்துருச்சுடி, நீ போ" என்று என்னை விரட்டினாள்.

உன்னை ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ பேசியதில் ஒரே இடத்தில்தான் உன் குரல் ஏறியது. தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து புதுசாகச் சேர்ந்த பையன்களுக்கு மீட்டிங்கில் இங்கிலீஷில் பேசப் பயம், சனிக்கிழமை கூப்பிட்டு வைத்துப் பழக்குகிறேன் என்றாயே, அங்கே. அதில் ஒருவன் முதல்முறையாக எழுந்து பேசியதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். மறுநிமிஷமே, வீட்டுத் தவணைக்காகச் சனிக்கிழமையும் வெளி வேலை எடுக்கப்போகிறேன், அந்தப் பையன்களுக்கு இனி நேரமிருக்காது என்றாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம், எங்களுக்கு மாசாமாசம் அனுப்புவதைத் தீபாவளியிலிருந்து கூட்டியிருக்கிறாய். அப்பா அதைத் தொடாமல் வங்கியிலேயே விட்டு வைத்திருக்கிறார். பழைய தொகையே அனுப்பு, எங்களுக்கு அது சரியாக இருந்தது. இட்லிப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் பார்சலில் போட்டிருக்கிறேன். பொடி இந்தத் தடவை கொஞ்சம் காரம். பாப்பாவுக்கு நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிக் கொடு.

அம்மா